அண்ணல் அம்பேத்கரும் அவர் கண்ட ஆய்வாசான்களும்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் சமுதாயம் ஏறி வந்த படிகளை எண்ணிப் பார்க்கின்றோம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது முதற்படி. இடையில் நிற்காமல் பள்ளியிறுதி வரை கொண்டு சேர்ப்பது அடுத்த படி. அதற்கும் மேலே கல்லூரி. இந்தப் படிகளுக்கெல்லாம் நம் பெரியவர்கள் வழி கண்டனர். மாலைப் பள்ளி நடத்தினர். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினர். விடுதி விண்ணப்பங்களை உடனிருந்து நிரப்பித் தந்தனர். ஆனால் இன்று நம் இளைஞர்கள் வந்து நிற்கின்ற படி, நம் பெரியவர்கள் கால் வைத்தறியாத படியாகும்.

முதுகலை முடித்த மாணவர் ஒருவர் நம் படிப்பகத்துக்கு வந்து சொன்ன சொற்கள் இன்னும் நம் நெஞ்சில் நிற்கின்றன. “மதிப்பெண் இருக்கிறது, ஐயா. தகுதித் தேர்விலும் தேறிவிட்டேன். என்னை ஏற்றுக்கொள்ள ஒரு கைடு கிடைக்கவில்லை. ஒருவர் இடமில்லை என்றார். இன்னொருவர், உங்களுக்குத்தான் வேலை எளிதாகக் கிடைக்குமே, ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டார். யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை” என்றார் அவர். அவருக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அந்த இயலாமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

அண்ணலின் திருவுருவப் படத்தின் கீழ் எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பாரிஸ்டர் என்று பட்டங்களை வரிசையாக எழுதி வைப்பது நம் வழக்கம். பிள்ளைகளும் அதனை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆயினும் அப்பட்டங்களுள் முனைவர் பட்டத்தின் பின்னும் அறிவியல் டாக்டர் பட்டத்தின் பின்னும் ஓர் ஆய்வேடு இருக்கின்றது என்பதையும், அவ்வாய்வேட்டைப் படித்துக் குறை சொல்லி நிறைவாக்கிய ஓர் ஆசிரியர் இருக்கின்றார் என்பதையும் நாம் நினைப்பதில்லை. தந்தையோ பாட்டனோ பல்கலைக் கழகத்தின் வாயிலை மிதித்திராத ஒரு குடும்பத்தில் பிறந்த இளைஞர், அந்த ஆசிரியர்களை எவ்வாறு அடைந்தார்? எவ்வாறு அவர்களுடைய மதிப்பைப் பெற்றார்? கருத்து வேறுபட்டபோது என்ன செய்தார்? நம் மாணவருக்குரிய விடை இவ்வினாக்களுக்குள்தான் இருக்கின்றது.

பூங்காவில் தொடங்கிய வழி

அண்ணலின் முதல் வழிகாட்டி பல்கலைக் கழகப் பேராசிரியர் அல்லர். பம்பாயில் பள்ளி ஆசிரியராக இருந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் பெருந்தகையே அவர். சர்னி சாலைப் பூங்காவில் மாலைதோறும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்த சிறுவனை அவர் கண்டார், அருகழைத்துப் பேசினார். 1907இல் அச்சிறுவன் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாக அளித்தார். பின்னர்க் கல்லூரிப் படிப்புக்குத் தந்தையார் இராம்ஜி சக்பாலால் பணம் திரட்ட முடியாமற்போன வேளையில், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் இளைஞரை அழைத்துச் சென்றவரும் அவரே. மன்னர் சில வினாக்கள் கேட்டார். விடைகளால் மகிழ்ந்து மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேர்வு நிறைவேறியது. 1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டே, அமெரிக்காவுக்குச் சென்று மேற்படிப்புப் படிக்க மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டு உதவித்தொகையை அதே மன்னர் அளித்தார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டு பரோடா அரசில் பணியாற்றுவதாக அண்ணல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

இதனை ஏன் விரித்துரைக்கின்றோம்? கேளுஸ்கர் தாமாக வந்து கண்டார் என்பது உண்மை. ஆனால் அவர் கண்டது, கையில் நூலுடன் இருந்த ஒருவனை. படிப்பவனாக அறியப்படுதலே வழிகாட்டியைப் பெறுவதற்குரிய முதல் தகுதி என்பதை அந்தப் பூங்கா நமக்குக் காட்டுகின்றது.

கொலம்பியாவில் செலிக்மன்

1913 ஜூலையில், தம் 22ஆம் வயதில், அண்ணல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தை அடைந்தார். அங்கே அவர் பயின்ற பாடங்களின் கணக்கு நமக்குக் கிடைத்திருக்கின்றது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 பாடங்கள். இவற்றோடு பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் தொடக்கப் பாடங்கள். ஒரு பட்டத்துக்கு வேண்டிய அளவு மட்டும் படித்து முடிப்போம் என்று எண்ணியவர் இவ்வளவு பாடங்களை நாடியிருக்க மாட்டார். ஆசிரியர் பலரை அறிந்த பின்னரே தம் ஆய்வுக்குரிய ஆசிரியரை அவர் அடைந்தார் என்று நாம் கொள்ளலாம்.

அவ்வாசிரியர் எட்வின் செலிக்மன். 1861இல் நியூயார்க்கில் யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். அரசின் வரவு செலவு, வரி ஆகியவற்றை ஆராயும் பொதுநிதித் துறையில் அந்நாளைய அமெரிக்காவின் முதல் வரிசை அறிஞர். வருவாய் மிகுந்தோர் மிகுதியாக வரி செலுத்துதல் வேண்டும் என்னும் கொள்கைக்காக வாதிட்டவர். கறுப்பின மக்களின் நகர வாழ்வு நலனுக்காகத் தோன்றிய தேசிய நகரக் கழகத்தின் தொடக்க காலத் தலைவராகவும் இருந்தவர். ஆராய்ச்சிக்கு எந்த முறையைப் பின்பற்றுவது என்று அண்ணல் ஒருமுறை அவரிடம் வினவினாராம். உன் வேலையை ஊக்கத்தோடு செய்துகொண்டே போ, செய்யச் செய்ய உனக்குரிய முறை தானே அமையும் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார் என்று வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் எழுதுகின்றார். முறை தெரிந்த பின்னர்த்தான் தொடங்குவோம் என்று காத்திருக்கும் நம் மாணவர்கள் இவ்விடையை மனத்திற்கொள்ள வேண்டும்.

1915இல் அண்ணல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் இந்தியாவின் தேசியப் பங்கு வருவாய் பற்றிய ஆய்வேட்டை எழுதி முடித்தார். அதே ஆண்டு மே 9ஆம் நாள், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றி இயங்கும் முறை பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். அது 1917இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் வெளிவந்தது. பட்டத்துக்குரிய ஆய்வை ஓர் ஆசிரியரிடம் செய்துகொண்டே, தம் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்வியை வேறோர் ஆசிரியரின் அவையில் அண்ணல் முன்வைத்தார். மெய்யியல் அறிஞர் ஜான் டூயியின் வகுப்புகளும் அவர் சிந்தனையில் ஆழப் பதிந்தன. ஆய்வு நெறியாளர் ஒருவராகத்தான் இருக்க முடியும். ஆசிரியர்கள் பலராக இருக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாத மாணவர், நெறியாளர் ஒருவர் முகங்கோணினால் கல்வியுலகம் முழுவதும் தமக்குக் கதவடைத்தது போல மனமுடைந்து போகின்றனர்.

கடலில் போன கையெழுத்துப்படி

1916 அக்டோபரில் அண்ணல் இலண்டனை அடைந்து, கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் இந்தியா திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக் கழகத்திடம் இசைவு பெற்ற பின்னரே அவர் புறப்பட்டார். அது முதல் உலகப் போர்க் காலம். அவருடைய பெட்டிகளை ஏற்றி வந்த கப்பல் நீர்மூழ்கிக் குண்டுக்கு இரையாயிற்று. அவற்றோடு கொலம்பியாவுக்கென எழுதிய ஆய்வேட்டின் கையெழுத்துப்படியும் கடலில் போயிற்று.

நாடு திரும்பியவருக்குக் கிடைத்த வரவேற்பை நாம் அறிவோம். ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். அலுவலகத்து ஏவலர்கள் கோப்புகளைத் தொட்டுக் கொடுக்க அஞ்சி மேசை மீது எறிந்தனர். தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது, தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். மாணவர்கள் அவர் வகுப்பை விரும்பிக் கேட்டனர். உடன்பணியாற்றிய பேராசிரியர் சிலரோ, ஆசிரியர் அறையிலிருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு மறுப்புத் தெரிவித்தனர்.

இங்கே நாம் சற்று நின்று நோக்குதல் தகும். கொலம்பியாவில் உலகப் புகழ் பெற்ற ஆசிரியர்கள் அவரை மாணவராக மதித்தனர். பம்பாயில் உடன்பணியாளரே அவரைத் தண்ணீர்ப் பானையினின்று விலக்க முனைந்தனர். அறிவு அதே அறிவு. ஆள் அதே ஆள். ஆகவே நெறியாளர் கிடைக்காத நம் மாணவர், “என்னிடம் ஏதோ குறையிருக்கின்றது போலும்” என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. குறை சில வேளைகளில் மாணவரிடம் இருக்கலாம். பல வேளைகளில் பானைக்குக் காவல் நிற்பவரிடம் இருக்கின்றது. எது எங்கே என்று பிரித்தறிவதே அறிவுடைமை.

இலண்டனில் கானன்

சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், கோல்காப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவி பெற்றும், கொலம்பியாவில் உடன் தங்கியிருந்த பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கியும், 1920இல் அண்ணல் மீண்டும் இலண்டனுக்குச் சென்றார். கொடுத்த நான்காண்டுத் தவணை அப்போது முடியவில்லை.

இவ்விடத்தில் ஒரு கடிதம் வரலாற்றில் நுழைகின்றது. கொலம்பியாவிலிருந்து செலிக்மன், இலண்டன் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் பாக்ஸ்வெல்லுக்கு அண்ணலைப் பரிந்துரைத்து எழுதினார். தம் வகுப்பை விட்டு நான்காண்டுக்கு முன் சென்றுவிட்ட மாணவருக்காக, கடல் கடந்து வேறோர் அறிஞருக்கு எழுதிய கடிதம் அது. பாக்ஸ்வெல் அதனைப் படித்துவிட்டு 1920 நவம்பரில் பள்ளியின் செயலாளருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். இவர் ஏற்கெனவே டாக்டர் பட்டம் பெற்றவர், இனி இங்கே இவர் வெல்வதற்கு உலகங்கள் இல்லை என்னும் பொருள்பட அக்குறிப்பு அமைந்தது. அது பாராட்டே. ஆனாலும், பள்ளியோடு இவரை இணைத்துக்கொள்ள இயலவில்லை என்ற வருத்தமும் அதில் இருந்தது. கொலம்பியாப் பட்டம் முறைப்படி கைக்கு வந்து சேரவில்லை என்பதோ, புதிதாக எழுதத் தொடங்கிய ஆய்வு நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது என்பதோ அவர் அறிந்திலர் போலும். அண்ணல் அப்பாராட்டோடு நின்றுவிடவில்லை. பட்டப் படிப்புக்குப் பதிவு செய்துகொண்டு, நூலகம் திறக்கும் வேளை முதல் மூடும் வேளை வரை உழைத்தார். 1921இல், பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களுக்கு நிதியதிகாரம் பகிரப்பட்டதைப் பற்றிய ஆய்வுக்காக எம்.எஸ்சி. பட்டம் பெற்றார்.

டி.எஸ்சி. பட்ட ஆய்வுக்கு அவருக்கு அமைந்த ஆசிரியரும் ஓர் எட்வின். அவரும் 1861இல் பிறந்தவர். எட்வின் கானன் என்னும் அப்பேராசிரியர், இலண்டன் பொருளியல் பள்ளியில் அதன் தொடக்கம் முதற்கொண்டு கற்பித்தவர். ஆடம் சுமித்தின் பெருநூலை 1904இல் செம்பதிப்பாக வெளியிட்டவர். அண்ணல் எடுத்துக்கொண்ட பொருள் ரூபாயின் சிக்கல். 1893இல் வெள்ளி நாணயம் பொதுமக்களுக்கு அடித்துத் தரும் முறையை நிறுத்திய அரசு, பின்னர் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்சு என்ற விகிதத்தை இலண்டனில் வைத்த இருப்பின் துணையால் நிலைநிறுத்தி வந்தது. தங்கப் பரிமாற்ற முறை எனப்பட்ட இதனை, ஜான் மேனார்டு கெயின்ஸ் 1913இல் வெளியிட்ட நூலில் போற்றியிருந்தார். அண்ணலோ, ஆட்சியாளர் விருப்பம்போல் நாணயத்தைப் பெருக்க இம்முறை இடந்தருகின்றது, ரூபாயின் வாங்கும் ஆற்றல் நிலைபெறாமற்போகின்றது என்று எதிர்வாதம் செய்தார்.

தம் ஆசிரியரும் தம்மோடு முழுதும் உடன்படவில்லை என்பது மாணவருக்குத் தெரியும். கானன் பின்னர் அந்நூலுக்கு எழுதிய முன்னுரையில் அதனை மறைக்கவும் இல்லை. அந்த நாணய முறையின்பால் நூலாசிரியர் கொண்ட பகையுணர்ச்சி தமக்கு இல்லையென்றும், அதற்கெதிரான வாதங்களுள் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லையென்றும், ஆயினும் சில இடங்களில் அவர் குறி தப்பாமல் அடித்திருக்கின்றார் என்றும், தவறு என்று தோன்றிய இடத்திலும் அவர் கருத்துகளில் ஊக்கமூட்டும் புதுமை இருந்தது என்றும் அவர் எழுதினார். மாணவர் தம் முகவுரையில் என்ன எழுதினார்? இந்நூல் ஆசிரியரின் நெருங்கிய மேற்பார்வைக்கு உட்பட்டது, இதன் கருத்துகளுக்கு அவர் பொறுப்பாளர் அல்லர், ஆனால் என் வாதங்களை அவர் கடுமையாகச் சோதித்தமையால் பல பிழைகளினின்று தப்பினேன் என்னும் கருத்துப்பட எழுதினார். ஆசிரியர் தம் மறுப்பை மறைக்கவில்லை. மாணவர் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் நன்றி மறக்கவில்லை. ஆய்வுலகில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே இருக்க வேண்டிய உறவுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நாம் அறிந்தவரை இல்லை.

திரும்பி வந்த ஆய்வேடு

இவ்வளவு உழைத்து எழுதிய ஆய்வேடு முதல் முறை ஏற்கப்படவில்லை. 1923 மார்ச்சில் அது மறுக்கப்பட்டது. ஆங்கில ஆட்சியைக் கடுமையாகச் சாடியதே காரணம் என்று சொல்வதுண்டு. அவருடைய மாணவர் கோப்பில் அதற்குரிய குறிப்பு காணப்படவில்லை. காரணம் எதுவாயினும், கையில் பணம் தீர்ந்த நிலையில் அண்ணல் பம்பாய்க்குத் திரும்ப நேர்ந்தது. பாரெல் பகுதியிலே தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பில், குடும்பத்தின் வறுமைக்கு நடுவே, அவ்வாய்வேட்டைத் திருத்தி எழுதினார். நெறியாளர் இலண்டனில், மாணவர் பம்பாயில். ஆகஸ்டில் மீண்டும் சமர்ப்பிக்கப்பட்டது, நவம்பரில் ஏற்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அது இலண்டனில் நூலாக வெளிவந்தது. தம் கல்விக்காகத் தாய் தந்தையர் செய்த தியாகத்துக்கு நன்றியாக அவர்களின் நினைவுக்கு அதனை அவர் காணிக்கையாக்கினார். அடுத்த இரண்டே ஆண்டில், இந்திய நாணயத்தை ஆராய வந்த இராயல் கமிஷன் முன் சாட்சியம் அளிப்பவராக அண்ணல் நின்றார்.

கடலில் போன கையெழுத்துப்படியின் கதையும் இனிதே முடிந்தது. 1922 பிப்ரவரியில் இலண்டனிலிருந்து செலிக்மனுக்கு அண்ணல் ஒரு கடிதம் எழுதினார். கப்பல் மூழ்கியபோது முதல் ஆய்வேடு போய்விட்டது, ஆகவே புதிதாக ஒன்றை எழுதியிருக்கின்றேன் என்று அதில் தெரிவித்தார். கடந்த ஆறாண்டுகளில் பரோடாவின் இழிவும், பேராசிரியர் பணியும், இதழ் நடத்திய உழைப்பும், இலண்டன் வறுமையும் நிகழ்ந்திருந்தன. ஆசிரியரோடு கொண்ட தொடர்பை அவர் அறுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியரும் அவரை மறந்துவிடவில்லை. மாகாண நிதியின் வளர்ச்சியை 1833 முதல் 1921 வரை ஆராய்ந்த நூல், செலிக்மனின் முன்னுரையோடு 1925இல் வெளிவந்தது. பொதுநிதிக் கொள்கையின் முதற் பாடங்களை அவரிடமே கற்றேன் என்று அண்ணல் அதில் நன்றி கூறினார். நூலைக் கல்விக்கு உதவிய பரோடா மன்னருக்குக் காணிக்கையாக்கினார். அச்சிட்ட படிகளை அளித்த பின்னரே பட்டம் என்பது கொலம்பியாவின் விதி. ஆதலால் அப்பல்கலைக் கழகம் 1927இல் முனைவர் பட்டத்தை முறைப்படி வழங்கியது. வகுப்பறையை விட்டு வந்து பதினோராண்டு கழிந்த பின் வந்த பட்டம் அது.

நம் மாணவர்க்கு

இனி, நம் படிப்பகத்துக்கு வந்த அந்த மாணவருக்கு நாம் சொல்லக்கூடியவை யாவை?

அண்ணல் வெறுங்கையோடு எந்த ஆசிரியரிடமும் சென்றாரில்லை. வகுப்பில் அமர்ந்து கேட்டு, நூலகத்தில் தேடி, ஒரு வினாவைக் கையில் வைத்துக்கொண்டு சென்றார். “எனக்கு ஒரு தலைப்புத் தாருங்கள்” என்று கேட்பவரை ஏற்கப் பேராசிரியர் தயங்குவது இயல்பு. “இந்தப் பொருளில் இவற்றைப் படித்தேன், இங்கே ஒரு வினா எழுகின்றது, உங்கள் கட்டுரையில் இதைத் தொட்டிருக்கின்றீர்கள்” என்று நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பவரை மறுப்பது அவ்வளவு எளிதன்று. மறுத்தாலும், மறுப்பின் காரணம் அப்போது வெளிப்பட்டுவிடும்.

விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். பல்கலைக் கழக மானியக் குழு 2016இலும் 2022இலும் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, ஒரே காலத்தில் பேராசிரியர் ஒருவர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் முனைவர் பட்ட ஆய்வாளரை ஏற்றல் கூடாது. ஆகவே ‘இடமில்லை’ என்னும் விடை சில வேளைகளில் மெய்யாகவே இருக்கலாம்; மெய்யா என்று பணிவோடு கேட்டறிவதில் தவறில்லை. தேர்ந்தெடுத்த மாணவருக்கு நெறியாளரை ஒதுக்குவது துறையின் பொறுப்பு; ஆசிரியரின் சிறப்புத் துறையையும் மாணவரின் ஆய்வு ஈடுபாட்டையும் கருதியே அது செய்யப்பட வேண்டும். ஆதலால் நேர்காணலில் தம் ஈடுபாட்டைத் தெளிவாகச் சொல்லுதலும், அதனை எழுத்தில் கொடுத்து வைத்தலும் நன்று. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்கு முதுகலை மதிப்பெண்ணில் ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு என்பதையும், அவர்களுக்கென மைய அரசின் ஆய்வு உதவித்தொகைகள் உண்டு என்பதையும் பலர் காலங் கடந்தே அறிகின்றனர்.

விதிகள் இருந்தும் ஓரவஞ்சனை இல்லாமற்போகவில்லை. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர் நடத்தப்படும் முறையை ஆராய்ந்த பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு, ஆசிரியர்கள் காட்டும் விலக்கத்தையும் மதிப்பீட்டில் நிகழும் சார்பையும் 2007இல் தன் அறிக்கையில் பதிவு செய்தது. மாணவரிடம் பொறுமை ஒன்றையே எதிர்பார்த்துக்கொண்டிருத்தல் அறமாகாது. முறையிட வேண்டிய இடத்தில் தேதியிட்டு எழுத்தில் முறையிடுதல் வேண்டும். தனித்து நிற்காமல், கழகத்தின் துணையோடு நிற்றல் வேண்டும்.

கழகத்தின் கடமையும் இங்கேதான் தொடங்குகின்றது. கேளுஸ்கர் மன்னரிடம் அழைத்துச் சென்றார். செலிக்மன் கடிதம் எழுதினார். பதேனா கடன் கொடுத்தார். இம்மூவர் செய்த பணிகளையும் நம் மாணவர்க்கு யார் செய்வது? பரம்பரையாகப் படித்த வீட்டுப் பிள்ளைக்கு மாமனோ சிற்றப்பனோ, “அந்தப் பேராசிரியரைப் போய்ப் பார், நான் சொன்னதாகச் சொல்” என்று சொல்லியனுப்புகின்றார். நம் பிள்ளைக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லை என்பதே அவன் மனக்குறை. நம் சமுதாயத்தில் இன்று முனைவர் பட்டம் பெற்றவர்கள் இருக்கின்றார்கள். கல்லூரி ஆசிரியர்கள் இருக்கின்றார்கள். எந்தத் துறையில் யார் என்னும் பட்டியல் ஒன்று நம் கழகத்தில் இருத்தல் வேண்டும். ஆய்வுத் திட்டம் எழுதிக் கொண்டுவரும் மாணவருக்கு, கானனைப் போல் அதைக் கடுமையாகச் சோதித்துத் திருத்தித் தருவதற்கு ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குதல் அவர்களுக்குப் பெருஞ்சுமையாகாது. வெள்ளி விழாவின் நினைவாக ஒரு கட்டடம் எழுப்புவதினும் இது மேலானது என்பது நம் கருத்து.

அண்ணல் தாம் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. வைசிராயின் அவையில் உறுப்பினராக இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பள்ளியிறுதிக்குப் பிந்திய படிப்புக்கான உதவித்தொகை 1944 முதல் நடைமுறைக்கு வந்தது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். 1950இல் அவுரங்காபாதில் மற்றொரு கல்லூரி எழுந்தது. 1952 ஜூன் 5ஆம் நாள் கொலம்பியாப் பல்கலைக் கழகம் அவருக்குச் சட்டத்துறைச் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்தது. சந்திக்க வேண்டுமென்று அவர் ஆவலோடிருந்த ஆசிரியர் டூயி, அதற்கு நான்கு நாள் முன்னதாக மறைந்துவிட்டார். அரசமைப்புச் சட்டத்தை வரைந்த பெருந்தலைவர், அறுபது வயதைக் கடந்த பின்னும், ஆசிரியரைக் காணப் போகும் மாணவராகவே அங்குச் சென்றார்.

நம் படிப்பகத்துக்கு வந்த மாணவரே, உம்மை ஒத்த மற்றையோரே! ஆய்வேடு திரும்பி வரலாம். கையெழுத்துப்படி கடலிலும் போகலாம். ஒருவர் மறுத்தால் மற்றொருவரிடம் செல்லுங்கள். வினாவை மட்டும் கைவிடாதீர்கள். உங்களை அழைத்துச் செல்லும் கேளுஸ்கராக நம் கழகம் உடன் வரும். நீங்கள் நெறியாளராகும் நாளில், உங்கள் அறையின் கதவருகே தயங்கி நிற்கின்ற மாணவரை உள்ளே அழையுங்கள். இவ்விழா மலரின் வாயிலாக நாம் உங்களிடம் வேண்டுவது இது ஒன்றே.